திரைக்கதையையாவது அச்சில் பார்ப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையாள எழுத்தாளர் எம்.டி.வாசுதேவன் நாயர் மகாபாரதத்தை பீமன் பார்வையில் சொன்ன நாவல் ‘ரண்டாமூழம்’. அது படமாகாமல் போனதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆயிரம் கோடி ரூபாய்ப் படம் போச்சே என்ற ஆதங்கம்தான் அதில் தூக்கல். 2017இல் படத்தை அறிவித்தபோதும் எங்கள் ஊர் டீக்கடையில் இதே கதைதான்: மோகன்லால் பீமன், ஆயிரம் கோடி. 1985இல் வயலார் விருது வாங்கிய நாவல் அது என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தலைப்பில் உள்ள ‘ஊழம்’ என்றால் மலையாளத்தில் முறை. வாய்க்கால் பாசனக்காரனுக்கு விளக்கவே வேண்டாம். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சும் மண்வெட்டியுமாக நிற்போம். மேல்மடைக்காரர் பாய்ச்சி முடித்து நம் மடை திறக்கும்போது கணுக்கால் நனையத்தான் தண்ணீர் வரும். திரௌபதிக்காக அண்ணன் முறை முடியக் காத்திருந்த பீமனும் அப்படித்தான். நாவலைத் தமிழில் மொழிபெயர்த்த குறிஞ்சிவேலன் ‘இரண்டாம் இடம்’ என்று தலைப்பு வைத்தார். எனக்கு அது ஓட்டப்பந்தய முடிவு மாதிரிக் கேட்கும். ஆனால் ‘இரண்டாம் முறை’ என்றால் இரண்டாந்தடவை என்றாகிவிடுமே! அவர் பாடு புரிகிறது.

என் வருத்தம் வேறு. சொன்ன காலத்தில் படப்பிடிப்பு தொடங்கவில்லை என்று எம்.டி. 2018இல் கோழிக்கோடு நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறி 2020இல் சமரசமானது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, தன் திரைக்கதையை மீட்டுக்கொண்டார். 2024 டிசம்பர் 25 அன்று அவரும் போய்விட்டார். அந்தத் திரைக்கதையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லையே!

திரைக்கதைக்காக நான்கு முறை தேசிய விருது வாங்கிய கை அது. ‘ஒரு வடக்கன் வீரகதா’ திரைக்கதையைப் புத்தகமாகவே நான் படித்திருக்கிறேன், படம் பார்த்த மாதிரிதான் இருந்தது. நாவலின் தொடக்கத்தில், கடைசி யாத்திரையில் திரௌபதி விழுகிறாள். மற்றவர்கள் நடந்துகொண்டே இருக்க, பீமன் மட்டும் நிற்கிறான். அந்த ஒரு நிற்றலைக் காட்சியாக அவர் எப்படி எழுதியிருப்பார்? படம் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். திரைக்கதையை முதலில் அச்சிடச் சொல்லி உங்கள் இதழ் எழுத வேண்டும். மலையாளத்தில் வந்தாலே வாங்கிவிடுவேன், தமிழிலும் வந்தால் டீக்கடைக்காரருக்கு ஒன்று கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்