இஸ்ரவேல் ராஜாக்களை ஒரே வாக்கியத்தில் முடிக்காதீர்கள்: ஞாயிறு பள்ளிப் பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஞாயிறு பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் அன்பான ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் ஸ்தோத்திரம்.

எந்த ஒரு சபையையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. தமிழில் பிள்ளைகளுக்கு வேதப் பாடம் எழுதும் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் வகுப்பில் நடத்திய பாடநூல்களில் சவுல், தாவீது, சாலொமோன் மூவருக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. சாலொமோனுக்குப் பின் ராஜ்யம் இரண்டாகப் பிரிகிறது. உடனே பாடம் தெற்கே யூதாவின் பக்கம் திரும்பிவிடுகிறது. ஆசா, யோசபாத், எசேக்கியா, யோசியா என்று நல்ல ராஜாக்களின் வரிசை போகிறது. வடக்கே இருந்த இஸ்ரவேல் ராஜ்யம் எலியா வரும்போது மட்டும் எட்டிப்பார்க்கிறது. ஆகாபும் யேசபேலும் வந்து போகிறார்கள். மற்றவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே வாக்கியம்தான்: கர்த்தருடைய பார்வைக்குப் பொல்லாப்பானதைச் செய்தார்கள், அசீரியர் வந்து சிறைபிடித்துப் போனார்கள்.

19 ராஜாக்கள், ஏறத்தாழ 200 வருடங்கள். அந்த மண்ணில்தான் எலியாவும் எலிசாவும் நடந்தார்கள். ஓசியா அங்கேதான் அழுதார். ஆமோஸ் தெற்கிலிருந்து அங்கே போய்த்தான் பேசினார். அந்த ராஜ்யத்தைச் சொல்லாமல் இந்தத் தீர்க்கதரிசிகளைச் சொல்வது எப்படி? யாரிடம் பேசுகிறார், எதற்காகக் கோபப்படுகிறார் என்று தெரியாமல் பிள்ளைகள் மனப்பாட வசனம் மட்டும் ஒப்பிக்கிறார்கள். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

முதலில் பிரிவினையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாலொமோனின் மகன் ரெகொபெயாம் முதியோரின் ஆலோசனையைத் தள்ளி வாலிபரின் பேச்சைக் கேட்டான், ஆகவே பெரியவர்கள் சொல்வதைக் கேளுங்கள் என்று பாடம் முடிகிறது. ஆனால் சீகேமில் ஜனங்கள் வைத்த கோரிக்கை என்ன? உம்முடைய தகப்பன் சுமத்திய கடினமான வேலையையும் பாரமான நுகத்தையும் லகுவாக்கும் என்பதுதானே? சாலொமோன் 30,000 பேரை அமஞ்சி வேலைக்கு, அதாவது கட்டாய வேலைக்குப் பிடித்து, மாதம் 10,000 பேராக லீபனோனுக்கு அனுப்பியதை வேதமே சொல்கிறது. யோசேப்பு வம்சத்தாரின் வேலைக்கு மேற்பார்வை பார்த்த யெரொபெயாமே பிறகு எகிப்துக்குத் தப்பி ஓடி, திரும்பிவந்து வடக்கின் முதல் ராஜாவானான். சமாதானம் பேச ரெகொபெயாம் யாரை அனுப்பினான் தெரியுமா? அந்த வேலைகளுக்கே அதிகாரியாக இருந்த அதோராமை. ஜனங்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். கட்டாய வேலைக்கு எதிராக எழுந்த ஒரு ஜனக்கூட்டத்தின் நியாயம் இந்தக் கதைக்குள் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும்; நன்றாகவே புரியும்.

அப்புறம் ஒம்ரி. இவரைப் பற்றித்தான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1 ராஜாக்கள் 16-ஆம் அதிகாரத்தில் ஒம்ரியின் ஆட்சிக்கு 6 வசனங்கள். ராஜா ஏலாவைக் கொன்று ராஜாவான சிம்ரி 7 நாள் மட்டுமே ஆண்டு, அரமனைக்குத் தீவைத்து அதிலேயே மடிந்தான். ஒம்ரி அப்போது பெலிஸ்தரின் கிபெத்தோனை முற்றுகையிட்டிருந்த படைத்தலைவர். பாளயத்திலேயே அவரை ராஜாவாக்கினார்கள். பாதி ஜனம் திப்னியின் பின்னால் போயிற்று. அந்தப் போட்டியிலும் ஒம்ரி ஜெயித்தார். திர்சாவில் 6 வருடம் ஆண்டபின், சேமேர் என்பவரிடமிருந்து ஒரு மலையை 2 தாலந்து வெள்ளிக்கு விலைக்கு வாங்கி, அதன்மேல் தன் தலைநகரான சமாரியாவைக் கட்டினார். வேதம் அவருடைய ஆட்சியைப் பற்றித் தரும் செய்தி ஏறக்குறைய இவ்வளவுதான்.

ஆனால் அவருடைய பகைவர்கள் அவரை மறக்கவில்லை. 1868-இல் சாக்கடலுக்குக் கிழக்கே தீபானில் ஒரு கருங்கல் கிடைத்தது. மோவாபின் ராஜாவாகிய மேசா நாட்டிய கல் அது. 2 ராஜாக்கள் 3-ஆம் அதிகாரத்தில் ஆட்டுமந்தைக்காரனாக வந்து, லட்சம் ஆட்டுக்குட்டிகளைக் கப்பமாகக் கட்டும் அதே மேசாதான். இஸ்ரவேலின் ராஜா ஒம்ரி மோவாபை வெகுநாள் ஒடுக்கினான், எங்கள் தேவன் காமோஸ் தன் தேசத்தின்மேல் கோபமாயிருந்ததால் அது நடந்தது என்று அந்தக் கல்லில் அவர் சொல்லியிருக்கிறார். வேதத்துக்கு வெளியே யெகோவா என்ற நாமம் தெளிவாக வரும் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்றும் இதுவே. இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அசீரியர்களோ இஸ்ரவேல் தேசத்தையே ஒம்ரியின் வீடு என்று அழைத்தார்கள், அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆனபிறகும்கூட. யெகூ ஒம்ரியின் வம்சத்தை வேரோடு அழித்து ராஜாவானவன். அவனையும் அசீரியக் கல்வெட்டு ஒம்ரியின் மகன் என்றே எழுதுகிறது. அசீரியரின் பழைய தலைநகரான நிம்ரூதில் 1846-இல் தோண்டியெடுத்த கருந்தூணில் அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசாரின் காலடியில் யெகூவோ அவனுடைய தூதரோ முகங்குப்புற விழுந்திருக்கும் சிற்பம் இருக்கிறது. பின்னால் வெள்ளியும் பொன் பாத்திரங்களும் சுமந்த ஆட்கள் வருகிறார்கள். இந்தப் படத்தைப் பாடநூலில் போட்டால் எந்தப் பிள்ளை கேள்வி கேட்காமல் இருக்கும்?

ஆகாப் விஷயமும் அப்படித்தான். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை அபகரித்த ஆகாபை நாம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம், காட்டத்தான் வேண்டும். அதே ஆகாப் கி.மு. 853-இல் கர்க்கார் என்ற இடத்தில், அசீரியாவை எதிர்த்த கூட்டணியில் 2,000 இரதங்களோடும் 10,000 காலாட்களோடும் நின்றதாக அந்த அசீரிய ராஜாவே எழுதிவைத்திருக்கிறார். இரதக் கணக்கு மிகை என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அப்படியே இருந்தாலும், பக்கத்தில் நின்ற தமஸ்குவின் ராஜாவுக்கே 1,200 இரதங்கள்தான் சொல்லப்படுகின்றன. இவ்வளவு படைபலம் உள்ள ஒருவனுக்கு ஒரு குடியானவனின் தோட்டம் எதற்கு? எலியா யெஸ்ரயேலில் அவன் முன்னால் போய் நின்றதன் தைரியம், இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும். பலவீனமான ஒருவனைத் தட்டிக்கேட்க எலியா தேவையில்லை.

இதெல்லாம் வேதத்தில் இல்லையே, கல்வெட்டை எதற்கு ஞாயிறு பள்ளிக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று சிலர் கேட்பீர்கள். ராஜாக்களின் புத்தகத்தையே திறந்துபாருங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு வடக்கு ராஜாவின் முடிவிலும் ஒரே குறிப்பு வருகிறது: இவனுடைய மற்ற நடபடிகளும் பராக்கிரமமும் இஸ்ரவேல் ராஜாக்களின் நாளாகமப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் நான் சொல்லவில்லை, மீதியை அங்கே போய்ப் படியுங்கள் என்று எழுதியவரே கைகாட்டுகிறார். அவர் சொல்லும் நாளாகமம் நம்மிடமுள்ள நாளாகமம் அல்ல, அது தொலைந்துபோயிற்று. மண்ணுக்கடியில் மிஞ்சிய கற்களும் ஓடுகளும்தான் இன்று அந்த மீதியில் கொஞ்சத்தையாவது நமக்குச் சொல்கின்றன. அவற்றைப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

ஓடுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1910-இல் சமாரியாவின் அரமனைப் பகுதியில் மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எல்லாம் சாதாரணக் குறிப்புகள்: பத்தாம் வருடம், இன்ன ஊரிலிருந்து, இன்னாருக்கு, ஒரு சாடி பழைய திராட்சரசம். அல்லது ஒரு சாடி எண்ணெய். அனுப்பிய இடங்களின் பெயர்களைப் பார்த்தால் மனாசே கோத்திரத்தின் குடும்பங்கள். கிதியோன் பிறந்த அபியேசர் குடும்பம் அதில் இருக்கிறது. நோவாள், ஒக்லாள் என்ற பெயர்களும் இருக்கின்றன! எண்ணாகமத்தில் மோசேயின் முன்பாக வந்து, எங்கள் தகப்பனுக்குக் குமாரன் இல்லாததால் எங்களுக்குக் காணியாட்சி கொடுங்கள் என்று கேட்ட செலொப்பியாத்தின் ஐந்து மகள்களில் இரண்டு பேருடைய பெயர்கள். அந்தப் பெண்களின் பெயரால் வழங்கிய நிலப்பகுதிகள் ராஜாக்களின் காலத்திலும் இருந்திருக்கின்றன. பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதைச் சொல்லிப்பாருங்கள்.

இந்த எண்ணெயும் ரசமும் போய்ச் சேர்ந்த மாளிகைகளைத்தான் ஆமோஸ் பார்த்தார். அப்போது ஆட்சி செய்தவன் இரண்டாம் யெரொபெயாம். 41 வருட ஆட்சி. ஆமாத் முதல் சமபூமியின் கடலாகிய சாக்கடல்வரை எல்லையைத் திரும்பப் பிடித்த ராஜா. வேதத்தில் அவனுக்கு 7 வசனங்கள். ராஜ்யம் செழித்திருந்தது, செழிப்பு யாருக்கு என்பதுதான் கேள்வி. தந்தக் கட்டில்களில் சாய்ந்துகொண்டு, பாத்திரம் பாத்திரமாகத் திராட்சரசம் குடிப்பவர்களை ஆமோஸ் கண்டிக்கிறார். மரக்காலைக் குறைத்து, சேக்கலை அதிகமாக்கி, ஒரு ஜோடு பாதரட்சைக்கு எளியவனை வாங்குகிறவர்கள் என்று பெயர்சொல்லாமல் அடையாளம் காட்டுகிறார். சமாரியாவைத் தோண்டியவர்கள் செதுக்கிய தந்தத் துண்டுகளை நூற்றுக்கணக்கில் எடுத்தார்கள். தெக்கோவாவின் மேய்ப்பராகிய ஆமோஸ் வாய்க்கு வந்தபடி பேசவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார். பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம், உன் ஊருக்கு ஓடிப்போ என்று விரட்டியதும் அதனால்தான். ஆமோஸ் புத்தகத்தை நாம் நியாயம் தண்ணீரைப்போல் புரளட்டும் என்ற ஒரு வசனமாகச் சுருக்கிவிட்டோம்.

வீழ்ச்சியையும் ஒரு நாளில் நடந்த தண்டனைபோல் எழுதுகிறீர்கள். யெரொபெயாமின் மகன் சகரியா 6 மாதத்தில் கொலை. அவனைக் கொன்ற சல்லூம் ஒரு மாதத்தில் கொலை. சல்லூமைக் கொன்ற மெனாகேம், அசீரிய ராஜா பூலுக்கு 1,000 தாலந்து வெள்ளி கொடுத்து ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டான். அந்தப் பணத்துக்கு ஐசுவரியவான்களிடம் ஆளுக்கு 50 சேக்கல் வசூலித்தான். ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று வைத்தால் 60,000 பேர் கட்டியிருக்க வேண்டும். பெரிய பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லலாம். அப்புறம் பெக்காகியா கொலை, பெக்கா கொலை. அசீரியர் கலிலேயாவையும் கீலேயாத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். கடைசி ராஜா ஓசெயா கப்பத்தை நிறுத்தி எகிப்தை நம்பினான், எகிப்து வரவில்லை. மூன்று வருட முற்றுகைக்குப் பின் சமாரியா கி.மு. 722 வாக்கில் விழுந்தது.

அசீரிய ராஜா சர்கோன் 27,290 பேரைக் கொண்டுபோனதாக எழுதிவைத்திருக்கிறார். இது பெரிய எண்ணிக்கைதான், ஆனால் ஒரு தேசத்தின் மொத்த ஜனமும் அல்ல. பத்துக் கோத்திரமும் காணாமல் போயிற்று என்று நாம் சொல்லிக்கொடுப்பது சரியில்லை. பலர் அந்த மலைநாட்டிலேயே இருந்தார்கள். சிலர் தெற்கே யூதாவுக்குள் போயிருக்க வேண்டும். எருசலேம் அந்தக் காலத்தில் பல மடங்கு பெருத்ததை அகழாய்வு காட்டுகிறது. வடக்கில் பேசிய ஓசியாவின் வார்த்தைகள் யூதாவில் பாதுகாக்கப்பட்டு நம் கைக்கு வந்திருப்பதும் அந்த ஜனங்களால்தான் என்று நான் நம்புகிறேன். கொண்டுபோகப்பட்டவர்களில் சிலர் அசீரிய சேனையிலேயே தேர்ப்படை அதிகாரிகளாக இருந்ததை நிம்ரூதின் களிமண் பலகைகள் சொல்கின்றன.

நல்ல சமாரியன் கதையை எல்லா வருடமும் நடத்துகிறோம். யாக்கோபின் கிணற்றருகே நின்ற சமாரியப் பெண்ணின் கதையையும் நடத்துகிறோம். சமாரியர் யார் என்று ஒரு பிள்ளை கேட்டால், யூதர்கள் வெறுத்த ஜாதியார் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். எங்கள் பிதாக்கள் இந்த மலையிலே தொழுதார்கள் என்று அவள் சொன்னது கெரிசீம் மலையை. அந்த மலையில் இன்றும் சமாரியர் பஸ்காவுக்கு ஆட்டைப் பலியிடுகிறார்கள். ஆயிரம் பேருக்கும் குறைவாக, நாப்லுஸ் அருகிலும் ஹோலோன் நகரத்திலும் வாழ்கிறார்கள். வடக்கின் கோத்திரங்களிலிருந்து வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். 2 ராஜாக்கள் 17-ஆம் அதிகாரம் பாபிலோனிலிருந்தும் கூத்தாவிலிருந்தும் குடியேற்றப்பட்டவர்களைப் பற்றிச் சொல்கிறது. இரண்டையும் பிள்ளைகள் முன் வைக்க வேண்டும்.

மேசாவின் கல்லும் வேதமும் போரின் முடிவை ஒரேமாதிரி சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். வடக்கு எல்லை ஊரான தாணில் 1993-இல் கிடைத்த கல்வெட்டு, ஆகாபின் மகனாகிய ராஜா யோராமின் சாவை ஓர் அராமிய ராஜாவின் கணக்கில் எழுதுவதாகவே பலர் வாசிக்கிறார்கள். வேதத்தில் யோராமை எய்து கொன்றவன் யெகூ. இவற்றைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோக வேண்டாம். திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் வயதில் நாமே சொல்லிக்கொடுத்தால் நல்லது. போனைத் திறந்தால் இதெல்லாம் அவர்கள் முன்னால் வந்து நிற்கிறது. நாம் மறைத்தோம் என்று அவர்கள் நினைக்க இடம் கொடுக்காதீர்கள்.

அடுத்த பதிப்பில் வடக்கு ராஜ்யத்துக்கு ஐந்து பாடமாவது ஒதுக்குங்கள்: சீகேமின் பிரிவினைக்கு ஒன்று, ஒம்ரிக்கும் சமாரியாவுக்கும் ஒன்று, எலியாவும் நாபோத்தும் ஒன்று, ஆமோஸுக்கும் ஓசியாவுக்கும் ஒன்று, வீழ்ச்சிக்கும் சமாரியருக்கும் ஒன்று. சீகேம், திர்சா, சமாரியா, யெஸ்ரயேல், பெத்தேல், தாண் எங்கே இருக்கின்றன என்று காட்டும் ஒரு வரைபடம் கட்டாயம் வேண்டும். ராஜாக்களின் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லும் பயிற்சியை எடுத்துவிட்டு, ஒரு உடைந்த பானை ஓட்டையும் மையையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, ஒரு சாடி எண்ணெய் அனுப்பிய குறிப்பை எழுதச் சொல்லுங்கள். இந்தப் பாடங்களை எழுத ஆட்கள் வேண்டுமென்றால், சம்பளமில்லாமல் உட்கார்ந்து எழுத என்னைப்போன்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கூப்பிடுங்கள், வருகிறோம்.

கர்த்தருடைய பணியில்,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை