அண்ணாச்சிக்கு, அந்தக் காரின் பின்பக்கம் குறித்து

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அப்பாவின் முதலாண்டுத் திதி முடிந்திருக்கிறது. அந்தக் காரை இப்போது வைத்திருக்கும் கோயம்புத்தூர்க்காரரைப் பற்றி நான் பேச்செடுத்தபோது, பழைய கதையைக் கிளற வேண்டாம் என்றீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தக் காரின் வரலாற்றை எழுதித் தருவதாக அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உங்களுக்காக அப்பா ஸ்டாண்டர்டு ஹெரால்டை அறுத்துச் செய்த அந்த வண்டியை, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் என்று நம்பித்தான் அவர் வாங்கியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், இங்கிலாந்தில் 1962இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயரும் ஜியோவான்னி மிகெலோட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்தவை. ஹெரால்டின் சேஸிஸை, அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். இதெல்லாம் நீங்கள் சொல்லி நான் கேட்டது. வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் பார்த்தபோது நான் கண்டதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஹெரால்டில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 91.5 அங்குலம். ஸ்பிட்ஃபயரில் 83. நம் வண்டியிலும் 83தான். பத்திரிகையில் போட்டிருந்த அளவை அப்பா அப்படியே பிடித்திருக்கிறார். ஆனால் ஸ்பிட்ஃபயரின் சேஸிஸுக்குப் பக்கச் சட்டங்கள் கிடையாது; கதவுக்குக் கீழே ஓடும் பாடித் தகடே அந்தப் பாரத்தைத் தாங்கும். தன் கையால் அடித்த தகட்டின் மேல் அவ்வளவு பாரத்தை ஏற்ற அப்பா துணியவில்லை போலும். ஹெரால்டின் பக்கச் சட்டங்களையும் அறுத்து, குறுக்கி, உள்ளே ஓர் இரும்புத் துண்டைச் செருகிக் கேஸ் வெல்டிங் வைத்திருக்கிறார். நடுச்சட்டத்திலும் அதே முறையில், அறுத்த வாயைச் சாய்வாக வைத்தே ஒட்டியிருக்கிறார். நேர்க்கோட்டில் ஒட்டினால் அந்த இடத்திலேயே விரிசல் விடும் என்று அவர் பட்டறைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் விற்ற பிறகு அந்த வண்டி தூத்துக்குடியில் நெடுங்காலம் நின்றிருக்கிறது. தரைத்தகட்டை உப்புக்காற்று தின்றுவிட்டது. டிக்கியின் தகடு மட்டும் இன்னும் கெட்டியாக இருக்கிறது. உட்புறம் முழுவதும், கை நுழையாத மூலையில்கூட, துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பூசியிருக்கிறது. கார் பார்க்க வருகிறவர்களில் யார் டிக்கிக்குள் தலையைவிட்டுப் பார்க்கப் போகிறார்கள்? அங்கேயும் அவர் வேலையைக் குறைக்கவில்லை.

அந்த டிக்கியைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் சமாதானபுரம் பட்டறையின் அந்த இரவு முழுவதுமாக நினைவுக்கு வந்தது. ஐப்பசி மழை, கரண்டு இல்லை, நீங்கள் பெட்ரோமாக்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். தகடு அடிக்கும் மணல் மூட்டையின் மேல் நான் குளிரில் சுருண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டீர்கள். நீங்கள் கொண்டுவந்த ஆங்கிலப் பத்திரிகையில் ஸ்பிட்ஃபயரின் முன்பக்கமும் பக்கவாட்டும் மட்டுமே இருந்தன. பின்பக்கம் எப்படி இருக்கும் என்று அப்பா கேட்டார். "எனக்கும் தெரியாது, ஒம்ம இஷ்டத்துக்கு வரையும், மேஸ்திரி" என்றீர்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, சாக்பீஸை எடுத்துச் சிமெண்டுத் தரையில் முழு அளவிலேயே வரையத் தொடங்கினார். ஹெரால்டின் வால்முனைகளை விட்டுவிட்டார். கதவு முடியும் இடத்திலிருந்து ஒரே வளைவாக இறக்கி, விளக்குகளை உள்வாங்கி வைத்தார். வெளிச்சம் அவர் கையை விட்டு விலகாதபடி நீங்களும் குனிந்து நகர்ந்துகொண்டே வந்தீர்கள். கோடு முடிந்தபோது உங்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் பார்த்தேன், அண்ணாச்சி. பொய்யான மனிதருக்கு அந்த முகம் வராது.

பிறகு எப்படி உங்களால் முடிந்தது? பாபநாசம் சாலையில் அந்த வண்டியை மறித்து மறித்து மக்கள் கேட்டபோதெல்லாம், "நானே டிசைன் பண்ணினது" என்று சொன்னீர்கள். பக்கத்து இருக்கையில் அப்பா உட்கார்ந்திருந்த நாளிலும் சொன்னீர்கள். அவர் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னாள்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் எழுதியாக வேண்டும். பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்று 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே சொன்னது. வெளியே தெரிந்தால் பட்டறைக்குத்தான் வம்பு வரும், அதனால்தான் பெயரைச் சொல்லவில்லை என்று திதிக்கு வந்த இடத்தில் சொன்னீர்கள். அன்றைக்கு அது உண்மையாகவே இருந்திருக்கலாம். வண்டி கைமாறி, பட்டறையும் மூடிய பிறகு யாரைக் காப்பாற்றினீர்கள்? என் படிப்புக்கு நீங்கள் கட்டிய பணத்தை நான் மறக்கவில்லை. அதற்கும் இதற்கும் கணக்குத் தீர்ந்தது என்று நீங்கள் நினைத்திருந்தால், அப்படி ஓர் ஒப்பந்தம் நடந்தது எனக்குத் தெரியாது. கூலி விஷயத்தை இங்கே எழுதப்போவதில்லை. இதை மைனி படிப்பார்கள், பிள்ளைகள் படிப்பார்கள்.

உங்கள் பெயரை இங்கே தவிர்த்ததுபோலவே அப்பாவின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். இரண்டு பெயர்களும் கோயம்புத்தூருக்குப் போகும் தாளில் ஒன்றாக வரும்: படம் கொண்டுவந்தவர், செலவு செய்தவர், ஓட்டியவர் நீங்கள், சேஸிஸைக் குறுக்கியவரும் பாடியை அடித்தவரும் பின்பக்கத்தை வரைந்தவரும் அப்பா. இதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

ஓர் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. முன் கண்ணாடி ஹெரால்டுடையது அல்ல. அகலமும் வளைவும் வேறு. அதை எந்த வண்டியிலிருந்து எடுத்தீர்கள், மதுரையிலா, சென்னையிலா என்பது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். அடுத்த மாதம் பெயிண்ட் வேலை தொடங்குகிறது. அதற்கு முன் எழுதுங்கள். கோபத்தோடு எழுதினாலும் சரி.

உங்கள் மேஸ்திரியின் மகள்