செங்கல்லா கண்ணாடியா, அதை மட்டும் சொல்லிவிடுங்கள்

பெருநகரங்களில் சொகுசு விடுதி நடத்துகிறவர்களுக்கும், அந்த அறைகளை வடிவமைத்துக் கொடுக்கிறவர்களுக்கும், அவற்றைச் செயலியில் விற்கிறவர்களுக்கும்,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் தொழில் தெரிந்தவர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அறைகளில் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே சுவர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடி வைக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஏன் வைக்கிறீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. பெருநகரத்தில் இடம் பொன் மாதிரி. சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டால் சின்ன அறையும் பெரிதாகத் தெரியும். ஜன்னல் இல்லாத குளியலறைக்கு வெளிச்சம் வரும். படம் எடுத்தால் அழகாக விழும். தேனிலவுக்கு வருகிறவர்களுக்கு அது பிடிக்கவும் பிடிக்கலாம். வைக்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? வைத்திருப்பதை, அறையை விற்கும்போதே சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

போன மாதம் அப்பாவுக்கு எழுபது முடிந்தது. பீமரத சாந்தி செய்யலாம் என்று உறவுக்காரர்கள் ஆரம்பித்ததும், "அந்தக் காசுக்கு என்னைப் பம்பாய்க்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்று முடித்துவிட்டார். தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் பம்பாய் முத்திரை விழுந்த கவர்களைப் பிரித்து அடுக்கியவர். 1995-ல் ஊருக்குப் பெயர் மாறியும் அவருக்கு அது பம்பாய்தான். சரி, போவதுதான் போகிறோம், ஒரு தடவையாவது நல்ல ஓட்டலில் தங்குவோம் என்று நானும் துணிந்தேன்.

பத்து ராத்திரி உட்கார்ந்து தேடினேன். விமான நிலையத்தை ஒட்டி அந்தேரிப் பக்கம் வாடகை குறைவாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் பார்க்க நினைத்த கேட்வே ஆஃப் இந்தியாவும் மரைன் டிரைவும் தெற்குக் கோடியில். அந்த ஊர் நெரிசலில் போய் வருவதிலேயே பாதி நாள் போய்விடும். 1903-ல் திறந்த தாஜ் ஓட்டலின் வாடகையைக் காட்டினேன். "அதை வெளியில நின்னு பாத்துக்கலாம்மா" என்றார் அப்பா. எலிஃபண்டா குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்று தெரிந்து பயண நாளைக்கூட மாற்றினேன். லிஃப்ட் உண்டா, கூடுதல் கட்டில் கிடைக்குமா, காலை டிபன் வாடகையில் சேர்த்தியா, எல்லாம் போன் போட்டுக் கேட்டேன். குளியலறைக்குச் சுவர் உண்டா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

பதிவு செய்யும் பக்கத்தில் படத்துக்குக் குறைச்சல் இல்லை. லாபியில் தொங்கும் விளக்கு, மொட்டை மாடி நீச்சல் குளம், வெள்ளைத் தட்டில் மூன்றே மூன்று ஸ்ட்ராபெரி. குளியலறைக்கு ஒரே படம், அதிலும் குழாய் மட்டும் தெரிந்தது. பித்தளை நிறத்தில் நல்ல குழாய். அதைக் குறை சொல்லமாட்டேன்.

ஓர் இரவுக்கு 14,000 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2,520. கூடுதல் கட்டிலைச் சேர்க்காமலே இரண்டு இரவுக்கு 33,040 ரூபாய்.

அறைக்குள் நுழைந்ததும் அப்பா "அடேங்கப்பா" என்றார். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நேரே பார்த்தாள். தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் தொட்டி, ஷவர், வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் நகைக்கடை ஷோகேஸ் மாதிரி விளக்குப் போட்டு வைத்திருந்தது. "இதுக்குக் கதவு எங்கடி?" என்றாள். கதவும் கண்ணாடிதான். தாழ்ப்பாள் கிடையாது.

திரை ஒன்று இருந்தது, மின்சாரத்தில் ஏறி இறங்குவது. அதன் சுவிட்ச் குளியலறைக்குள் இல்லை, கட்டில் தலைமாட்டில் இருந்தது. ஆறு பொத்தான்கள், ஒன்றிலும் எழுத்து இல்லை, சின்னச் சின்னப் படங்கள். திரையை இறக்கிவிட்டு அம்மாவைக் குளிக்க அனுப்பினேன். அப்பா பேப்பர் படிக்கலாம் என்று தலைமாட்டு விளக்குக்குப் பொத்தானை அமுக்கினார். விளக்கு எரியவில்லை. திரை, நாடக மேடைத் திரை மாதிரி, நிதானமாக மேலே ஏறியது.

அப்பா சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஓடிப்போய் ஆறு பொத்தானையும் அமுக்கினேன். ஏசி கூடியது, கட்டிலுக்கு அடியில் ஒரு நீல விளக்கு எரிந்தது, ஜன்னல் திரை விலகியது. வேண்டிய திரை கடைசியாகத்தான் இறங்கியது. அம்மா ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது தலை நனையவில்லை, புடவையை மட்டும் மாற்றியிருந்தாள். "நாப்பத்தாறு வருஷம் இவரோட குடித்தனம் பண்ணியிருக்கேன். ஒரு நாள் இப்படிக் கூசினதில்ல" என்றாள்.

வேறு அறை கேட்டேன். எல்லா அறையும் இதே மாதிரிதான் மேடம், வேண்டுமானால் இன்னொரு அறை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எடுக்கவில்லை. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைத் துணிக் கிளிப் போட்டுக் கண்ணாடிக்குக் குறுக்கே தொங்கவிட்டேன். அப்படியும் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் அவளும் நானும் குளித்து முடிக்கும்வரை அப்பா கீழே லாபியில் இருப்பது என்று ஏற்பாடு. காலை ஆறு மணிக்கு லுங்கியை மாற்றிப் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு இறங்கிப்போய், அந்தத் தொங்கும் விளக்குக்குக் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். "சார், ஏதாவது உதவி வேணுமா?" என்று பணியாளர்கள் மூன்று தடவை வந்து இங்கிலீஷில் கேட்டார்களாம். பாவம், அவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். அவர் என்ன பதில் சொல்வார்?

ஊர் திரும்பியதும் விடுதிக்கு எழுதினேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. என் கருத்து அவர்களுக்குப் பொக்கிஷமாம், திறந்த வெளி உணர்வுதான் அவர்கள் வடிவமைப்பின் ஆன்மாவாம். ஆன்மா இருக்கட்டும் ஐயா, சுவர் எங்கே? சுவர் இல்லை என்றால் அதை எழுதிப் போடுவதில் என்ன கஷ்டம்?

எழுத ஆரம்பித்தால் மற்றதும் வருகிறது. பகல் மூன்று மணிக்கு அறை தருகிறீர்கள், மறுநாள் பதினொரு மணிக்குக் காலி செய்யச் சொல்கிறீர்கள். ஒரு நாள் வாடகைக்கு இருபது மணி நேரம்! எங்கள் ஊர்ப் பக்கத்து லாட்ஜுகளில் இன்னும் இருபத்து நாலு மணி நேரக் கணக்கு உண்டு, அங்கே குளியலறைக்குச் சுவரும் உண்டு. சாப்பாட்டு பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எங்கள் பில்லில் அது சேர்ந்தேதான் வந்தது. கேட்டதும் சிரித்துக்கொண்டே எடுத்தார்கள். கேட்காதவர்களிடம்? அரசாங்கக் கணக்கில் அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போனால் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்குள் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். இந்த 7,500-க்கு மேலேதான் சுவர் கரைய ஆரம்பிக்கிறதோ என்னவோ.

மும்பையோடு முடிந்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்கவே மாட்டேன். போன வாரம், கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர்களுக்காகப் புதுச்சேரியில் ஒரு விடுதியில் அறை பார்க்கப் போனேன். தமிழர் பகுதியில் பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்திருந்தார்கள். திண்ணை, தேக்குத் தூண், நடுவில் முற்றம், எதையும் சிதைக்கவில்லை. அவர்களைப் பாராட்டவேண்டும். அறையைத் திறந்தார்கள். அதே கண்ணாடி. அந்த வீட்டைக் கட்டியவர் வழிப்போக்கனுக்குத் திண்ணை வைத்தார், வந்தவர் போனவருக்கு முன்கட்டு, வீட்டுப் பெண்களுக்குப் பின்கட்டு வைத்தார். யார் எதுவரை பார்க்கலாம் என்று ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு கணக்கு வைத்துக் கட்டிய வீட்டில் இப்படி! வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடிக்கும் மேடம் என்றார் மேலாளர். நாலு தெரு தள்ளிப் பிரெஞ்சு வீதிகளில் போய்ப் பாருங்கள். தெருவிலிருந்து பார்த்தால் உயரமான மதிலும் கனத்த கதவும்தான் தெரியும், தோட்டமும் முற்றமும் அதற்குப் பின்னால் இருக்கும். வெளிநாட்டுக்காரரும் மதில் கட்டித்தான் குடியிருந்தார்.

கோபம் எட்டிப் பார்த்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடு என்று தோழி சொன்னாள். எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். முதலில் மரியாதையாகக் கேட்டுவிடுவோம் என்றுதான் எழுதுகிறேன்.

பதிவு செய்யும் பக்கத்தில் கட்டில் அளவு, வைஃபை, ஏசி என்று அடுக்குகிறீர்களே, அதன் கீழே ஒரே ஒரு வரி சேருங்கள். குளியலறைச் சுவர் செங்கல்லா, கண்ணாடியா? கண்ணாடி என்றால் படத்தில் அதையும் காட்டுங்கள். திரையின் சுவிட்சைக் குளிக்கிறவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். இதற்கெல்லாம் தனிக் கட்டணம் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த வரியை மட்டும் எழுதிவிடுங்கள்.

அப்பா அடுத்து கல்கத்தா பார்க்கவேண்டும் என்கிறார். அம்மாவும் தலையாட்டிவிட்டாள். ஆனால் இப்போதே பையின் அடியில் அந்தச் சுங்குடிச் சேலையை மடித்து வைத்து, மேலே எட்டுத் துணிக் கிளிப்பையும் போட்டிருக்கிறாள். நாங்கள் புறப்படுவதற்குள் அந்த வரி வந்துவிட்டால், கிளிப்பையெல்லாம் கொடியிலேயே மாட்டிவிட்டுப் போவோம்.

நன்றியுடன்,
ஒரு மகள்,
மஞ்சக்குப்பம், கடலூர்.