திருத்தம்

கிருஷ்ணகிரி,
வெள்ளி இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான். வாசல் மாமரம் இந்த ஆண்டும் ஏமாற்றிவிட்டது.

நீ கடைசியாக அனுப்பிய செய்தியில் 'ஐ ஏன்ட் டூயிங் குட்' என்று எழுதியிருந்தாய். 'ஏன்ட் தவறு, ஆம் நாட் என்று எழுது. குட் அல்ல, வெல்' என்று உடனே பதில் போட்டேன். 31 ஆண்டுகள் சாக்பீஸ் பிடித்த கை சும்மா இருக்குமா? அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது.

அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். நான் நினைத்த அளவுக்கு அது அநாதை இல்லை. ஆம் நாட் என்பதன் சுருக்கமாக வந்ததுதான். ஒரு காலத்தில் இங்கிலாந்துச் சீமான்களே பேச்சில் புழங்கியிருக்கிறார்கள். பிறகு இலக்கண வாத்தியார்கள் விரட்டினார்கள். 1961-இல் வெப்ஸ்டர் மூன்றாம் அகராதி அதைக் கடுமையாகக் கண்டிக்காமல் சேர்த்துக்கொண்டதற்கு அமெரிக்கப் பத்திரிகைகள் கொதித்தன. ஆனால் 'அரேன்ட் ஐ' என்று கேட்டால் மட்டும் சரியாம். 'ஐ ஆர்' என்று எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம்?

நம் நன்னூலார் கெட்டிக்காரர். 'வான்ட் டூ' தேய்ந்து 'வானா' ஆனதைக் காட்டினால், தஞ்சாவூர் தஞ்சை ஆனதுபோல இதுவும் மரூஉ என்று இயல்பு வழக்கில் உட்காரவைத்திருப்பார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதற்குக்கூடக் குழூஉக்குறி என்று இலக்கணத்தில் இடம் இருக்கிறது. ஆனாலும் அலுவலகக் கடிதத்தில் ஏன்ட் எழுதிவிடாதே. விண்ணப்பம் எதிலும் எழுதிவிடாதே. தோழிகளுக்கு எழுது. எனக்கும் எழுதலாம்.

ஏழாம் வகுப்பில் ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் நீ. அந்தக் கோப்பையை வருகிறவர்களுக்கெல்லாம் இன்றும் காட்டுகிறேன். அப்படிப்பட்ட உனக்கு அப்பாவுக்கு ஒரு வரி எழுத நேரமில்லையா? அத்தை பையன் ஓசூரிலிருந்து வாரம் தவறாமல் வந்துவிட்டுப் போகிறான். அலுவலகக் கடிதத்தில் மட்டும் கவனமாக இரு.

நேற்று அம்மா அந்தச் செய்தியைப் படித்துக்காட்டச் சொன்னாள். படித்தேன். "அப்படியென்றால் என்ன?" என்றாள். "நன்றாக இல்லை என்கிறாள்" என்று தமிழில் சொன்னேன். என் வாயால் சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

"அதற்கு நீங்கள் என்ன பதில் போட்டீர்கள்?"

மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன். மோட்டார் ஓடவே இல்லை.

பரிசு வாங்கி நீ மேடையிலிருந்து இறங்கியபோதும் கட்டுரையில் இருந்த ஓர் எழுத்துப்பிழையைத்தான் முதலில் சொன்னேன். உனக்கு நினைவிருக்கும்.

உடம்பா, வேலையா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கமாட்டேன். மாப்பிள்ளை இரண்டு முறையும் போனை எடுக்கவில்லை, அதையும் கேட்கமாட்டேன். பெரியம்மா நகை விஷயத்தை மூடி மூடி வைத்தது எங்கே போய் முடிந்தது என்று உனக்குத் தெரியும். தப்பும் தவறுமாக எழுது. பாதியில் நிறுத்திவிட்டாலும் அனுப்பு.

அம்மா கேழ்வரகு மாவும் புளியும் கட்டிவைத்திருக்கிறாள். பார்சலுக்கு உன் முகவரி பழையதுதானா என்று மட்டுமாவது எழுது.

அப்பா