கழுத்தில் பேட் ஒட்டும் முன் ஒரு வாய் கஞ்சி கொடுத்துப் பாருங்கள்

தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையனின் அம்மா எழுதுகிறேன்.

விழுங்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குத் தனியார் தெரபி சென்டர்களில் ‘கரண்ட் வைக்கிறார்கள்’. தாடைக்குக் கீழேயும் தொண்டையின் முன்பக்கமும் பேட் ஒட்டி, லேசான மின்சாரத்தால் தசைகளைத் தூண்டும் சிகிச்சை. இத்தனை சிட்டிங் என்று பேக்கேஜ் போட்டு முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். நாங்கள் போன ஓரிடத்தில், பையன் எப்படி விழுங்குகிறான் என்று ஒரு ஸ்பூன் கஞ்சி கொடுத்துக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பேட்தான்.

இந்தச் சிகிச்சையே கூடாது என்று சொல்ல வரவில்லை. துருக்கியில் மூளை முடக்குவாதக் குழந்தைகளிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், வழக்கமான பயிற்சியோடு மென்மையான மின்தூண்டலும் சேர்ந்தபோது கூடுதல் பலன் தெரிந்தது. ஆனால் 2011இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆரம்பத்திலிருந்தே விழுங்கச் சிரமப்பட்ட குழந்தைகளில் கரண்ட் வைத்தவர்களும் வைக்காதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேறினார்கள். இன்னொன்றும் உண்டு. விழுங்கும்போது குரல்வளை மேலே ஏற வேண்டும், அப்போதுதான் மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும். தொண்டையின் முன்பக்கம் கரண்ட் கொடுத்தால் குரல்வளை கீழே இறங்குவதை, நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களிடமே 2006இல் பார்த்திருக்கிறார்கள். பேட் எந்த இடத்தில், எந்தப் பிள்ளைக்கு என்பது அவ்வளவு முக்கியம்.

புரையேறினால் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்போம். எங்கள் பிள்ளைகளில் பலருக்குப் புரையே ஏறாது. இருமல் வராமலே பாலும் தண்ணீரும் நுரையீரலுக்குப் போய்விடும். சாப்பிட்டதும் குரல் களகளவென்று கேட்கும், சளி விடவே விடாது, திடீர் திடீரென்று காய்ச்சல் வரும். எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற மருந்தை உணவில் கலந்து ஊட்டி, விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவில் பார்த்தால் இது தெரியும். அந்த வசதி பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கிறது.

எங்களுக்கு உதவியது ஒரு பேச்சுப் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததுதான். பல வீடுகளில் மடியில் கிடத்தி அண்ணாந்தபடி ஊட்டுகிறோம். அவர் பையனை நிமிர்த்தி உட்காரவைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, தாடையைச் சற்றே தாழ்த்திவைத்தார். குழிவு இல்லாத ஸ்பூனை முன்பக்கமாகக் கொண்டுவந்து நாக்கின் மேல் லேசாக அழுத்தி, மேல்பல்லில் வழிக்காமல் நேராக வெளியே எடுத்தார். முதல் வாய் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். கேழ்வரகுக் கூழைக் கொஞ்சம் கெட்டியாக்கச் சொன்னார். தண்ணீர்தான் அவனுக்கு ஆபத்து, சட்டென்று ஓடிவிடும். இதற்கு மெஷின் வேண்டாம், நேரமும் பொறுமையும்தான் வேண்டும். பேக்கேஜில் இது வராது.

ஆகவே கேட்கிறேன். விழுங்கும் திறனைப் பரிசோதித்து எழுதிய குறிப்பு இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் கரண்ட் வைக்கக் கூடாது என்று தெரபி மையங்களுக்கு உத்தரவு போடுங்கள். பேட் ஒட்டுபவர் விழுங்குதல் சிகிச்சையில் பயிற்சி பெற்றவராக இருக்கட்டும். உங்கள் துறையின் ‘விழுதுகள்’ மறுவாழ்வு சேவை மையங்களில், சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையையும் ஊட்டுபவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதைத் தெரபியாகவே கணக்கில் எழுதுங்கள். எக்ஸ்ரே வீடியோ பரிசோதனையை மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்குக் கொண்டுவர சுகாதாரத் துறையோடு பேசுங்கள். அதுவரை, அந்தப் பரிசோதனைக்காக வெளியூர் போகும் குடும்பங்களுக்குப் பஸ் செலவையாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அம்மா