பின்பக்கத்தைத் திருப்பிப் பார்

அன்புள்ள கண்ணா,

பழைய வாக்கி பேக்கேஜஸ் ஸ்டிக்கர், அதாவது கடைச் சாமான் டப்பாக்களைக் கேலி செய்யும் அமெரிக்கப் படங்கள், ஒரு கட்டு விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வாங்கு. ஆனால் படத்தைப் பார்த்துச் சிரித்த கையோடு காசை எடுத்து நீட்டிவிடாதே. முதலில் திருப்பிப் பார்.

இவற்றை வெளியிட்ட டாப்ஸ் என்ற அமெரிக்கச் சூயிங்கம் கம்பெனி 1967-ல் விட்டது ஸ்டிக்கரே இல்லை, நாக்கால் நனைத்து ஒட்டும் அட்டை. அழுத்தினால் படம் மட்டும் தனியே பெயர்ந்து வரும். பெயர்க்காத முழு அட்டைக்குத்தான் மதிப்பு. ஈரக்காற்று பட்டால் இந்தப் பசை இளகி அட்டைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பிரிக்கப் போனால் ஒன்றின் படம் மற்றதன் முதுகோடு போய்விடும். அப்படி ஒட்டிக் கிடக்கும் கட்டு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

உரித்து ஒட்டும் ரகம் 1973-ல் வந்தது. 1977 வரை 16 வரிசைகள், முதல் வரிசையில் 30 படங்கள். பின்தாள் சிலவற்றில் வெள்ளை, சிலவற்றில் பழுப்பு. ஆரம்ப வரிசைகளில் லட்லோ என்று தாள் கம்பெனியின் பெயர் அச்சடித்த பின்தாளும் அபூர்வமாகக் கிடைக்கும். ஒரே படம்தான், ஆனால் தாள் மாறினால் விலையும் மாறும். 1979-ல் பழைய படங்களையே மறுபடி அச்சடித்தார்கள், அவற்றில் ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் எண் இருக்கும். விற்கிறவர் 1973 என்று அடித்துச் சொன்னாலும் எண் இருக்கிறதா என்று பார்த்துவிடு.

படங்களின் தரத்துக்குக் காரணம் ஓவியர் நார்மன் சாண்டர்ஸ். மலிவு விலைக் கதைப் பத்திரிகைகளுக்கு அட்டைப்படம் போட்டுப் பழகிய கை அது. ஜெல்-ஓ என்ற ஜெல்லிப் பொடி டப்பாவை ஜெயில்-ஓ ஆக்கும்போதும் எழுத்தின் வளைவு, நிறம் எல்லாம் அசல் மாதிரியே இருக்கும், விஷமம் இரண்டாவது பார்வையில்தான் பிடிபடும். அந்தக் குழுவில் பின்னாளில் 'மவுஸ்' படக்கதை வரைந்த ஆர்ட் ஸ்பீகல்மேனும் இருந்தார். 2004-க்குப் பிறகு புதிதாக வந்த வரிசைகள் என் மனசில் அவ்வளவாக ஒட்டவில்லை.

இனி கறை. ஸ்டிக்கரையும் சூயிங்கத்தையும் சேர்த்துப் போட்ட மெழுகுத்தாள் பாக்கெட்டைச் சூடு வைத்து ஒட்டியதால் தாளைத் தொட்டுக் கிடந்த ஸ்டிக்கரில் மெழுகு ஏறியிருக்கும். வழவழப்பான முன்பக்கமாக இருந்தால் பழைய நைலான் காலுறையால் லேசாகத் தேய், போய்விடும். சூயிங்கம் கறை தாளுக்குள் ஊறியிருக்கும், அதை விட்டுவிடு. தண்ணீர், ரப்பர் எதுவும் கிட்டே வரக்கூடாது. (பாக்கெட்டில் கம் இருந்தால் ஆசைக்குக்கூட வாயில் போடாதே, பல் போய்விடும்.)

வெட்டுக்கோட்டில் ஓரம் தூக்கியிருந்தால் விரலால் அமுக்காதே, படத்தில் மடிப்பு விழும். பசை ஒட்டாத இரண்டு சிலிகோன் பூச்சுத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றிச் சில நாள் விடு. சிலிகோன் தாள் எதற்கு என்றால், பழைய பசை ஓரத்தில் கசியும், சாதாரணத் தாளில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொன்றையும் பாலிப்ரொப்பிலீன் உறையில் போடு. பிவிசி உறை ஆகாது, அதிலுள்ள மென்மையாக்கி நாளாவட்டத்தில் வெளியேறி மையை இழுக்கும். லாமினேஷன் என்ற பேச்சே வேண்டாம். பரண், சமையலறை அலமாரி இரண்டும் கூடாது. வெப்பமும் ஈரமும் ஏறி இறங்கினால் தாள் சுருளும்.

கட்டோடு ஒரு பழைய பெட்டி மூடியும் தருகிறார்கள், அதில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்றாயே, அதை உரிக்காதே. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டி, பல் இடுக்கு நூலால் ஓரத்திலிருந்து அறுத்து எடுப்பவர்கள் உண்டு. ஆனால் அச்சுப் படலம் தாளைவிட்டுத் தனியே கிளம்பத் தொடங்கினால் அங்கேயே நிறுத்த வேண்டியதுதான். மூடியோடு வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்தக் கட்டுக்குள் பட்டியல் அட்டைகள் கலந்திருந்தால் ஒதுக்கிவிடாதே. ஒரு பக்கம் அந்த வரிசை ஸ்டிக்கர்களின் பெயர்ப்பட்டியல், மறுபக்கம் பெரிய படத்தின் ஒரு துண்டு. பென்சிலால் டிக் அடிக்காதவையாகப் பொறுக்கு. பணம் கொடுக்கும் முன் பின்பக்கங்களைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா