பென்சிலுக்கு முன்னால் புளியமுத்து: செட்டிநாட்டு மழலையர் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் மழலையர் பள்ளி நடத்துகிற தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும், எல்.கே.ஜி., யூ.கே.ஜி. வகுப்பு எடுக்கிற மிஸ்களுக்கும் வணக்கம்.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் நோட்டுப் புத்தகத்துக்கு ஆர்டர் கொடுத்துவிடுவீர்கள். அதற்கு முன்னால் ஒரு கோரிக்கை. எல்.கே.ஜி.க்குக் கணக்கு நோட்டே வாங்காதீர்கள். யூ.கே.ஜி.க்கு முதல் பருவம் முடிந்த பிறகு ஒன்று வாங்கினால் போதும். மிச்சமாகிற நேரத்தில் பிள்ளைகள் கையில் எண்ணுவதற்குப் பொருளைக் கொடுங்கள்.

நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். ஆறாம் வகுப்புக்கு வந்து சேர்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நூறு வரை எழுதச் சொன்னால் அச்சடித்தது போல எழுதுவார்கள். "எட்டில் அஞ்சு போனா எவ்வளவு?" என்றால் கை மேசைக்கு அடியில் போய்விடும், விரல் மடங்கும். எட்டு என்பது அஞ்சும் மூணும் என்று அவர்களுக்கு யாரும் கையில் கொடுத்துக் காட்டியதே இல்லை. அதை ஆறாம் வகுப்பில் சரிசெய்வது பெரும்பாடு. நாலு, அஞ்சு வயதில் அது விளையாட்டு.

உங்கள் வகுப்பில் இன்றைக்கே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். ஐம்பது வரை கடகடவென்று சொல்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு கிண்ணம் புளியமுத்தை முன்னால் வைத்து, "ஆறு எடுத்துக் கொடு கண்ணு" என்று கேளுங்கள். சில பிள்ளைகள் சரியாக ஆறு கொடுக்கும். சில பிள்ளைகள் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுக்கும். அந்தப் பிள்ளைக்கு எண் வரிசை ஒரு பாட்டு, அவ்வளவுதான். ஒரு பொருளுக்கு ஒரு எண்தான், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம், எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அதே ஆறுதான் என்கிற மூன்றும் பிடிபட்டால்தான் எண்ணத் தெரியும் என்று அர்த்தம். நோட்டில் 6, 6, 6 என்று ஒரு பக்கம் எழுதினால் இந்த மூன்றில் ஒன்றுகூட வராது. இதில் எழுத்தைத் திருப்பிப் போட்டால் சிவப்பு மையில் சுழி வேறு. 3-ஐயும் 7-ஐயும் கண்ணாடியில் பார்த்த மாதிரி எழுதுவது அந்த வயதில் சாதாரணம். தானாகச் சரியாகிவிடும்.

சரி, புளியமுத்தை வைத்து என்னதான் செய்வது? பங்குனி, சித்திரையில் புளி உடைக்கிற வீடுகளில் முத்து குவிந்து கிடக்கும், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் மட்டும் கல்லில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். தாயம் விளையாட நம் அப்பத்தாக்கள் தேய்த்து வைத்திருந்தார்களே, அதே முத்துதான். ஒரு பிள்ளைக்கு ஐந்து முத்து. குலுக்கித் தரையில் போடச் சொல்லுங்கள். வெள்ளை எத்தனை, பழுப்பு எத்தனை? "ரெண்டு வெள்ளை, மூணு பழுப்பு." மறுபடி போடு. "நாலு வெள்ளை, ஒண்ணு பழுப்பு." ஐந்து விதவிதமாகப் பிரிகிறது, ஆனால் ஐந்தாகவே இருக்கிறது என்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கிறது. எல்லாமே வெள்ளையாக விழுந்தால் ஒரே கூச்சல்தான், அப்போது "பழுப்பு எத்தனை?" என்று கேட்டால் பூஜ்யமும் வந்துவிடும். ஒன்றுமே இல்லாததிலிருந்து ஐந்து வரை வெள்ளை விழலாம், ஆக மொத்தம் ஆறு விதம். இந்த ஆறையும் ஒரு யூ.கே.ஜி. பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகலாம். ஆகட்டுமே. நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த கட்டம், மூன்று முத்தைக் கையால் மூடிக்கொண்டு "மொத்தம் அஞ்சு இருந்துச்சு, ரெண்டுதான் தெரியுது, கைக்குள்ள எத்தனை?" என்று கேட்பது. கழித்தல் என்ற பெயரே சொல்ல வேண்டாம். ஐந்து நன்றாக வந்த பிறகு ஆறு, ஏழு என்று போய், வருஷக் கடைசியில் பத்தைத் தொட்டால் போதும். பத்தை இப்படிப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பில் 8-உம் 5-உம் கூட்ட விரல் தேவைப்படாது. எட்டுக்கு ரெண்டு கொடுத்துப் பத்தாக்கி, மிச்சம் மூணு என்று போய்விடும்.

இதே முத்தில் ஒத்தையா ரெட்டையா உண்டு. கைநிறைய அள்ளி மூடிக்கொண்டு கேட்க வேண்டியது, திறந்து சோடி சோடியாக அடுக்கிப் பார்க்க வேண்டியது. சோடி சேராமல் ஒன்று நின்றால் ஒத்தை. ஐந்தாங்கல்லும் கணக்குதான். கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது அஞ்சு வயதுக் கைக்கு வராது, ஆனால் கீழே கிடக்கிற நாலு கல்லை ஒவ்வொன்றாக எடு, ரெண்டு ரெண்டாக எடு, மூணும் ஒண்ணுமாக எடு, மொத்தமாக அள்ளு என்பது வரும். பல்லாங்குழியில் பதினாலு குழியும் முழு விதியும் இந்த வயதுக்கு அதிகம். குழிக்கு இரண்டு முத்தாகப் போட்டு, ஒரு குழியை எடுத்து ஒவ்வொன்றாகப் பகிர்ந்துகொண்டு போகட்டும். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்கிற விதியை மட்டும் விடாதீர்கள். பசுவை மற்றவன் பார்ப்பதற்குள் தான் பார்க்க வேண்டும் என்ற அவசரத்தில், எண்ணாமல் ஒரு பார்வையிலேயே 'நாலு' என்று சொல்லக் கண் பழகும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய பல்லாங்குழியோடு சில வீடுகளில் குன்றிமணியும் இருக்கும். சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அழகு. அது கடுமையான விஷம், மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வகுப்பறைக்குள் வரவே கூடாது. ப்ரீ-கே.ஜி. பிள்ளைகளுக்குப் புளியமுத்தும் வேண்டாம், வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். அவர்களுக்குச் சிரட்டை, பெரிய டப்பா மூடி, மரக்கட்டை. யூ.கே.ஜி.யிலும் விளையாட்டு முடிந்ததும் முத்துகளை எண்ணித்தான் டப்பாவில் போட வேண்டும். பத்துப் பத்தாகக் குவித்து எண்ணச் சொன்னால் அதுவே இன்னொரு பாடம்.

பாண்டிக் கட்டம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கணக்குக்கு வேண்டியது ஒரே நேர்வரிசையில் 1 முதல் 10 வரை போட்ட கட்டம். அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வசதி குறைந்த குடும்பத்து நாலைந்து வயதுப் பிள்ளைகளை இப்படியொரு அட்டையில் காய் நகர்த்தி விளையாட விட்டார்கள். கால் மணி நேரம் வீதம் நாலே தடவை. எண்களில் எது பெரியது, எது எங்கே வரும் என்ற அறிவு அவர்களுக்குத் தெளிவாகக் கூடியது. எண்ணுக்குப் பதிலாக வெறும் நிறங்களைப் போட்ட அட்டையில் விளையாடிய பிள்ளைகளுக்கு அப்படி நடக்கவில்லை. 2008-இல் வெளியான ஆய்வு இது. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூன்றாம் கட்டத்தில் நிற்கிற பிள்ளைக்கு ரெண்டு விழுந்தால், "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக் குதிக்கக் கூடாது, "நாலு, அஞ்சு" என்று கட்டத்து எண்ணைச் சொல்லிக் குதிக்க வேண்டும். உங்கள் பள்ளி முற்றத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட எவ்வளவு ஆகும்?

அளவைக்கு நம் ஊரை விட்டால் வேறெங்கே போவது! ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று ஒரு செட் பித்தளையிலோ இரும்பிலோ தேடுங்கள். வீட்டுப் பரணிலேயே இருக்கும், இல்லாவிட்டால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும். ஊருக்கு ஊர் படி கொஞ்சம் மாறும், அதனால் ஒரே செட்டாகப் பார்த்து வாங்குங்கள். சலித்த மணல் ஒரு அண்டா. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. இதை வாயால் சொல்லிக் கொடுக்காதீர்கள். "இந்தப் படி நிறைய எத்தனை ஆழாக்கு வேணும்?" என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். ஒருத்தன் மூணு என்பான், ஒருத்தி நூறு என்பாள். அப்புறம் ஊற்றிப் பார்க்கட்டும். எட்டாவது ஆழாக்கில் படி தலைதட்டி நிற்கும். ஒல்லியான செம்பில் இருந்த மணலை அகலமான தட்டில் கொட்டி "இப்ப கூடுச்சா, குறைஞ்சுச்சா?" என்று கேளுங்கள். பாதிப் பிள்ளைகள் தப்பாகத்தான் சொல்லும். பிள்ளைகள் யோசிக்கிற விதத்தை ஆயுள் முழுக்க ஆராய்ந்த சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதையும் ஆராய்ந்தார். திருத்த வேண்டாம், திரும்பச் செம்பிலேயே ஊற்றச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குள் சண்டை வரும். அந்தச் சண்டைதான் பாடம்.

அடுக்குச் சட்டியும் பனையோலைக் கொட்டானும் பெரியது சிறியது வரிசைக்கு. சொப்புச் சாமான் ஒன்றுக்கு ஒன்று சேர்ப்பதற்கு: ஐந்து பொம்மைக்கு நாலு தட்டு வைத்துவிட்டு, "யாருக்கு இலை போடலை?" என்று கேட்டால் விருந்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல்லில் நாலு கல் சேர்ந்து ஒரு பூவாகிற டிசைன் பார்த்திருப்பீர்கள், அதையே அட்டையில் சதுரமாக வெட்டித் திருப்பித் திருப்பி அடுக்கச் சொல்லலாம். கோலமும் அப்படித்தான், புள்ளி வைக்கிற வரை எண்ணிக்கை, இழுக்க ஆரம்பித்தால் வடிவம்.

உங்களில் சிலர் பள்ளிப் பலகையில் 'மாண்டிசோரி முறை' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த முறையை உருவாக்கிய இத்தாலிக்காரர் மரியா மாண்டிசோரி 1939-இல் இந்தியாவுக்கு வந்து, போர்க் காலத்தில் நமக்குப் பக்கத்தில் கொடைக்கானலிலேயே தங்கியிருந்தவர். அவருடைய சாமான்களில் ஒன்று, 0 முதல் 9 வரை எழுதிய தடுப்புகள் உள்ள பெட்டி, கூடவே 45 குச்சி. ஒவ்வொரு தடுப்பிலும் அந்த எண்ணுக்கு உண்டான குச்சியைப் போட வேண்டும். சரியாகப் போட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது, பூஜ்யத் தடுப்பு காலியாகவே இருக்கும். பிள்ளை தன் தப்பைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், மிஸ் வர வேண்டியதில்லை. கதவு நிலையில் பூ வேலை செய்த ஆசாரிமார் வம்சம் இருக்கிற ஊரில் இதைச் செய்து வாங்க முடியாதா? பலகையில் பெயர் இருந்தால் வகுப்பில் பெட்டியும் இருக்கட்டும்.

நீங்கள் சொல்லப்போகிற பதில் எனக்குத் தெரியும். "பேரன்ட்ஸ் நோட்டைத்தான் பார்க்கிறாங்க, டீச்சர். பக்கத்து ஸ்கூல்ல நூறு வரைக்கும் எழுதுறாங்கன்னு கேட்கிறாங்க." உண்மைதான். அதற்கு நோட்டை நிரப்புவது ஒரு வழி. இன்னொரு வழி, ஜூலையில் ஒரு சனிக்கிழமை அப்பா, அம்மா, ஆயா, ஐயா என்று வீட்டுப் பெரியவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் பாயில் உட்கார வைத்து, பிள்ளையோடு அரை மணி நேரம் புளியமுத்து விளையாட விடுவது. தன் பிள்ளை "கைக்குள்ள மூணு இருக்கு" என்று சொல்வதைக் கேட்ட அப்பா, அதன்பிறகு நோட்டைப் பற்றிக் கேட்பது குறையும். மத்தியப் பாடத்திட்டப் பள்ளிக்காரர்களுக்கு இன்னும் சுலபம். 2022-இல் வந்த அடிப்படைக் கட்டத்துக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமே மூன்று முதல் ஆறு வயது வரை பாடப்புத்தகம் கூடாது, விளையாட்டு வழியே கற்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டகத்துக்கு அடிப்படையான தேசியக் கல்விக்கொள்கை பற்றி வேறு விஷயங்களில் எனக்குப் பெரிய சண்டையே உண்டு, அது இருக்கட்டும். இந்த ஒரு வரியைப் பெற்றோரிடம் காட்டலாம்.

முப்பத்தைந்து பிள்ளைக்கு ஒரு மிஸ் என்றால் எல்லோரையும் ஒரே நேரத்தில் விளையாட விட முடியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஏழு பேராக ஒரு பாயில் உட்காரட்டும், மற்றவர்கள் மணலிலோ கோலத்திலோ, ஆயாம்மா பார்வையில். கால் மணிக்கு ஒரு தடவை மாற்றினால், ஐந்து குழுவுக்கும் முறை வர ஒண்ணேகால் மணி நேரம், அதை ரெண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். மிஸ் அந்த ஏழு பேர் சொல்வதை மட்டும் காது கொடுத்துக் கேட்டால் போதும். "எப்படித் தெரியும்?" என்பதுதான் அவர் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய கேள்வி, சரியான விடைக்கும் சேர்த்து. தமிழில் கேட்டால்தான் பிள்ளை வாயைத் திறக்கும். ஆங்கிலத்தில் எண் பெயர் தெரிய வேண்டும்தான், அது பாட்டில் வந்துவிடும்.

ரேங்க் கார்டில் கணக்குக்கு மார்க் போடாமல், இந்தப் பிள்ளை எத்தனை வரை சரியாக எடுத்துக் கொடுக்கிறது, எத்தனை வரை பார்த்தவுடன் சொல்கிறது, ஐந்தைப் பிரிக்கத் தெரிகிறதா என்று ரெண்டு வரி எழுதுங்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு அதைவிட உபயோகமான தகவல் கிடையாது.

மே மாதக் கடைசியில் மிஸ்களுக்கு ஒரு நாள் ஒதுக்கினால், நான் வந்து பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் விளையாடிக் காட்டுகிறேன். சம்பளமோ பஸ் செலவோ வேண்டாம். ஒரு வகுப்புக்கு நூற்றைம்பது முத்தாவது தேவைப்படும், அதை மட்டும் முன்கூட்டியே தேய்த்து வைத்திருங்கள். எனக்கு மணிக்கட்டு வலி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
காரைக்குடி